கார் விபத்து க்ளெய்மை இன்சூரன்ஸ் நிறுவனம் மறுத்துவிட்டால்: கடிதம் முதல் தீர்ப்பு வரை முழுமையான வழிகாட்டி

“உங்கள் க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது” என்று மின்னஞ்சல் வந்ததும் பலர் ஒர்க்‌ஷாப் பில்லைத் தங்கள் கையிலிருந்து கட்டிவிட்டு, இனி இந்த கம்பெனி பக்கமே போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த இடத்தில் விட்டுவிடாதீர்கள். நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகுதான் நிறுவனம் எழுத்தில் மாட்டிக்கொள்கிறது. கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிறகு வழக்கில் புதிதாகக் கிளப்ப முடியாது என்று கலாடா பவர் (2016), சௌராஷ்ட்ரா கெமிக்கல்ஸ் (2019) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் அந்தக் கடிதத்தில் உள்ள இரண்டு மூன்று வரிகளுக்குப் பதில் சொல்வதுதான் உங்கள் முழு வேலையும்.

இங்கே பேசுவது இந்தியாவில் தனிநபர் காருக்கான ஓன் டேமேஜ் க்ளெய்ம் பற்றி, அதாவது உங்கள் காருக்கு நேர்ந்த சேதம் பற்றி. உங்கள் காரால் அடுத்தவருக்குக் காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால் அது தேர்ட் பார்ட்டி விஷயம். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே அதன் நகலை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏன் என்று லைசென்ஸ் பற்றிப் பேசும்போது தெரியும்.

படி 1: மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்

“சார், இது வராது” என்று ஒர்க்‌ஷாப் அட்வைசர் சொல்வது மறுப்பே ஆகாது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் போனில் சொல்வதும் ஆகாது. பாலிசி எண், க்ளெய்ம் எண் போட்டு, “எந்த நிபந்தனையின் கீழ், எந்தக் காரணத்துக்காக மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இன்னொரு உத்தியும் நடக்கிறது. மறுத்ததாகச் சொல்லாமல், “ஆவணங்கள் வராததால் கோப்பு மூடப்பட்டது” என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வரும். காப்பீட்டுக் கட்டுப்பாட்டு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட பொதுக் காப்பீட்டு மாஸ்டர் சர்க்குலர், ஆவணம் இல்லை என்பதற்காக க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என்கிறது. தீர்வுக்கு நேரடியாகத் தேவைப்படும் ஆவணங்களை மட்டுமே கேட்கலாம். தகவல் கொடுத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவரது அறிக்கையைப் பெற வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று காலக்கெடுவும் அதே சர்க்குலரில் இருக்கிறது. இந்தத் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வையுங்கள்: விபத்து நடந்த நாள், தகவல் கொடுத்த நாள், சர்வேயர் வந்த நாள், கடைசியாக ஆவணம் கொடுத்த நாள், மறுப்பு வந்த நாள். பிற்பாடு நிறுவனத்தின் உள்நோக்கத்தைக் காட்டப் போவது இந்தத் தாள்தான்.

படி 2: கோப்பைச் சேருங்கள்

முதலில் பாலிசி. இரண்டு பக்க அட்டவணை மட்டும் போதாது, நிபந்தனைகள் அடங்கிய முழு வாசகமும் வேண்டும். அதில் இல்லாத நிபந்தனையை மீறியதாகச் சொல்லப்பட்டவர்களும் உண்டு. அடுத்து, பாலிசி எடுத்தபோது கொடுத்த முன்மொழிவுப் படிவம், க்ளெய்ம் படிவத்தின் நகல், ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட், விபத்து நடந்த இடத்திலும் ஒர்க்‌ஷாப்பிலும் எடுத்த படங்கள், ஆர்.சி., ஓட்டியவரின் லைசென்ஸ், போலீசுக்குப் போயிருந்தால் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது அல்லது முதல் தகவல் அறிக்கை. யாருக்கும் காயமில்லாத சிறு மோதல் என்றால் பல நேரம் சி.எஸ்.ஆரே போதும்.

சர்வேயர் அறிக்கையைக் கட்டாயம் கேளுங்கள். பாலிசிதாரர் கேட்டால் அதன் நகலைக் கொடுத்தாக வேண்டும். சர்வேயர் சேதத்தை ஏற்று ஒரு தொகையை மதிப்பிட்டிருப்பார், நிறுவனம் மட்டும் மறுத்திருக்கும். இப்படிப்பட்ட அறிக்கை கையில் கிடைத்தால் உங்கள் பக்கம் பெரிய பலம். நிறுவனம் பொதுத்துறை என்றால் (நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா) தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் சர்வேயர் அறிக்கையையும் உங்கள் கோப்பில் உள்ள அலுவலகக் குறிப்புகளையும் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் நிறுவனத்தில் இந்த வழி கிடையாது.

படி 3: காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்

வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். எந்தக் காரணமானாலும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நிபந்தனை உண்மையிலேயே மீறப்பட்டதா? மீறப்பட்டிருந்தால், அந்த மீறலுக்கும் விபத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா?

*தாமதமாகத் தகவல் கொடுத்தீர்கள்.* அடிக்கடி வரும் காரணம் இது. எளிதாக உடைக்கக் கூடியதும் இதுவே. தவிர்க்க முடியாத தாமதத்தைக் காட்டி இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று கட்டுப்பாட்டு ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டது. வாகனத் திருட்டு வழக்கான ஓம் பிரகாஷ் (2017) தீர்ப்பில், உண்மையான க்ளெய்மைத் தாமதம் என்ற தொழில்நுட்பக் காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். குர்ஷிந்தர் சிங் (2020) வழக்கிலும், போலீசுக்கு உடனே சொல்லியிருக்கும்போது நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை வைத்து மறுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் நீங்கள் தாமதத்துக்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் இருந்தீர்கள் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியை இணையுங்கள்.

*ஓட்டியவரிடம் சரியான லைசென்ஸ் இல்லை.* இணையத்தில் பலரும் ஸ்வரன் சிங் (2004) தீர்ப்பைக் காட்டி, லைசென்ஸ் கோளாறு இருந்தாலும் நிறுவனம் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எழுதுகிறார்கள். அது தேர்ட் பார்ட்டிக்கான தீர்ப்பு. ஓன் டேமேஜுக்கு அது பொருந்தாது என்று லக்ஷ்மி நாராயண் தூத் (2007) வழக்கில் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது. பழைய தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு போனால் முதல் விசாரணையிலேயே எதிர்த்தரப்பு மடக்கிவிடும். உங்களுக்கு உதவக் கூடியது நிர்மலா கோத்தாரி (2020): டிரைவரை வேலைக்கு வைக்கும்போது லைசென்ஸைப் பார்த்து, ஓட்டத் தெரிந்தவர்தான் என்று உறுதி செய்துகொண்ட உரிமையாளர், அது போலியா என்று ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை போய்ச் சரிபார்க்க வேண்டியதில்லை. லைசென்ஸ் வகை தொடர்பான சிக்கல் என்றால் 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு ரம்பா தேவி வழக்கில் சொன்னதைப் பாருங்கள்: இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம்.

*சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினீர்கள்.* உண்மை என்றால் மறைக்காதீர்கள். அமலேந்து சாகு (2010) வழக்கில் இதே குற்றச்சாட்டு இருந்தும், முழுவதுமாக மறுத்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பயன்பாட்டு நிபந்தனையை மீறினால் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை கொடுக்கும் ‘நான் ஸ்டாண்டர்ட்’ முறை இருக்கிறது. மாற்றுக் கோரிக்கையாக இதைக் கடிதத்திலேயே கேட்டு வையுங்கள். காரில் உறவினர்கள் போனதை வைத்து வாடகை என்று எழுதியிருந்தால், பயணித்தவர்களிடம் பிரமாண வாக்குமூலம் வாங்குங்கள்.

*குடிபோதை.* நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது. அதே நேரம், ரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை என்பதாலேயே தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பேர்ல் பெவரேஜஸ் (2021) வழக்கில் பரிசோதனை இல்லாமலே, சூழ்நிலைகளை வைத்து நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பானது. மருத்துவமனை ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகலில்) என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

*பதிவு இல்லை.* தற்காலிகப் பதிவு முடிந்த காரை ஓட்டி விபத்து நடந்தால் வழி மிகக் குறுகல். நரிந்தர் சிங் (2014) வழக்கில் இது அடிப்படை மீறல் என்று சொல்லப்பட்டுவிட்டது. இதில் வருடக்கணக்கில் அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

*கார் உங்கள் பெயருக்கு மாறியது, பாலிசி மாறவில்லை.* செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களை அதிகம் வதைப்பது இது. தேர்ட் பார்ட்டி காப்பீடு தானாக மாறும்; ஓன் டேமேஜ் மாறாது என்பது கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் (1996) காலத்திலிருந்தே உள்ள நிலை. ஆர்.சி. இன்னும் விற்றவர் பெயரிலேயே இருந்தால் கதை வேறு: சுரேந்திர குமார் பிலாவே (2020) வழக்கில், பதிவு மாறாதவரை சட்டத்தின் பார்வையில் அவரே உரிமையாளர், அவருக்கு க்ளெய்ம் உண்டு என்று முடிவானது.

*என்.சி.பி. (க்ளெய்ம் வாங்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) பற்றிப் பொய் சொன்னீர்கள்.* முன்பு க்ளெய்ம் வாங்கியிருந்தும் வாங்கவில்லை என்று சொல்லித் தள்ளுபடி பெற்றிருந்தால் நிறுவனம் ஓன் டேமேஜ் பகுதியையே மறுக்கப் பார்க்கும். பழைய நிறுவனத்திடம் 21 நாளுக்குள் எழுதிக் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்று பழைய மோட்டார் டாரிஃபின் (வாகனக் காப்பீட்டு விதித் தொகுப்பின்) 27-வது பொது விதி புதிய நிறுவனத்துக்கும் ஒரு கடமையை வைத்திருக்கிறது. அவர்கள் கேட்டார்களா என்று எதிர்க்கேள்வி போடுங்கள். ஏஜென்ட் உங்களைக் கேட்காமலே அந்தக் கட்டத்தில் டிக் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

*இன்ஜின் சேதம் விளைவுச் சேதம் (விபத்தால் நேராக வராமல், அதன் பிறகு செய்த செயலால் வந்த சேதம்).* வெள்ளம் பாலிசியில் அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் போனது என்று மறுப்பார்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ பேர் இதில் சிக்கினார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு (ஆட்-ஆன்) இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால், ஸ்டார்ட் செய்ததால்தான் கெட்டது என்பதற்கு என்ன தொழில்நுட்ப ஆதாரம் என்று கேளுங்கள். கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறதா, படம் இருக்கிறதா என்று கேளுங்கள். நிற்கும் இடத்திலேயே மூழ்கி, டோ செய்து கொண்டுபோன கார் என்றால் டோயிங் ரசீது உங்கள் சாட்சி.

மறுக்காமல் தொகையை மட்டும் வெட்டியிருந்தால், சண்டைக்கு முன் கணக்கைப் பாருங்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம், ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்பது விதிப்படிதான். கண்ணாடிக்குக் கழிக்கக் கூடாது. 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டாயக் கழிவும் உண்டு. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் காருக்குக் குறித்துள்ள மதிப்பில்) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸாக, அதாவது முழு இழப்பாகக் கணக்கிட வேண்டும். செலவைக் குறைத்துக் காட்டி இதைத் தவிர்க்கிறார்களா என்று பாருங்கள். சர்வேயர் அறிக்கையே கடைசி வார்த்தை ஆகிவிடாது என்று பிரதீப் குமார் (2009) வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பின் விரிவான பில்லை எதிரே வையுங்கள்.

படி 4: பதில் கடிதம்

ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவர் உண்டு; பெயரும் மின்னஞ்சலும் பாலிசியிலேயே இருக்கும். ஆத்திரத்தைக் கொட்ட வேண்டாம். ஒன்றரைப் பக்கம் போதும். இப்படித் தொடங்கலாம்:

“…… தேதியிட்ட கடிதத்தில் நிபந்தனை எண் …… மீறப்பட்டதாகக் கூறி க்ளெய்மை நிராகரித்துள்ளீர்கள். அந்த நிபந்தனை மீறப்படவில்லை. ஆதாரம் இணைப்பு 1. மீறப்பட்டதாகவே கொண்டாலும் அதற்கும் விபத்துக்கும் தொடர்பில்லை. எனவே முழுத் தொகையான …… ரூபாயை வட்டியுடன் வழங்கவும். மாற்றாக, நான் ஸ்டாண்டர்ட் அடிப்படையில் பரிசீலிக்கவும். மறுப்பதாக இருந்தால் இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே பதில் தரவும்.”

மின்னஞ்சலோடு நிறுத்தாமல் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். பதிலுக்கு 14 நாள் கெடு. வராவிட்டால், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியுங்கள்; 155255 என்ற எண்ணிலும் பதியலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். ஆனாலும் சில கோப்புகள் இந்த இடத்திலேயே நகர்ந்துவிடும், செலவும் இல்லை.

இந்த இடைவெளியில் ஜாக்கிரதை

ஒர்க்‌ஷாப்பில் பார்க்கிங் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். கார் தேவை என்றால், சேதத்தைத் தெளிவாகப் படமெடுத்து, “இன்ன தேதிக்குப் பிறகு பழுது பார்க்கப் போகிறேன், மறு ஆய்வு வேண்டுமானால் அதற்குள் வரவும்” என்று நிறுவனத்துக்கு எழுதிவிட்டுப் பழுது பாருங்கள். கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போட வேண்டாம்.

புலனாய்வாளர் வந்தால் எழுதாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்து, செல்போனில் படமெடுத்துக்கொண்ட பிறகே போடுங்கள். அப்புறம், “முழுத் தீர்வாக” என்று டிஸ்சார்ஜ் வவுச்சர் (இனி பாக்கி எதுவும் இல்லை என்ற ஒப்புதல் சீட்டு) நீட்டுவார்கள். வற்புறுத்தியோ ஏமாற்றியோ வாங்கிய வவுச்சர் உங்கள் உரிமையைப் பறிக்காது என்று அஜ்மீர் சிங் காட்டன் (1999) வழக்கு சொல்கிறது. ஆனால் வற்புறுத்தலை நீங்கள்தான் காட்ட வேண்டும். கையெழுத்திட வேண்டி வந்தால் “எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று எழுதுங்கள், அன்றே மின்னஞ்சலிலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

படி 5: குறைதீர்ப்பாளரா, நுகர்வோர் ஆணையமா?

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மேனிடம், கட்டணமும் கிடையாது, வக்கீலும் கிடையாது. தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பதில் வராமலோ, மறுப்பு வந்தோ இருக்க வேண்டும். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கோரும் தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதே விஷயம் வேறு நீதிமன்றத்தில் இருக்கக் கூடாது. தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்; 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

என் கருத்து இதுதான்: காரணம் எளிது, ஆவணம் தெளிவு, சேதத் தொகை மட்டும் கிடைத்தால் போதும் என்றால் குறைதீர்ப்பாளர். சாட்சிகளை விசாரிக்க வேண்டும், மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு வேண்டும் என்றால் நேராக ஆணையம். குறைதீர்ப்பாளர் உங்கள் நேரடி நஷ்டத்தைத் தாண்டி எதுவும் தர முடியாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆணையத்துக்கான இரண்டு வருடக் காலக்கெடுவை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

படி 6: கெட்ட எண்ணத்தை நிரூபிப்பது

அமெரிக்காவில், உதாரணமாக கலிஃபோர்னியாவில், நேர்மையில்லாமல் க்ளெய்ம் மறுத்தார்கள் என்பதற்கே தனி வழக்குப் போட்டுப் பெரும் தொகை வாங்கலாம். இந்தியாவில் அப்படித் தனி வழக்கு வகை இல்லை. ஆனால் கதவு மூடப்படவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவைக் குறைபாடு’, ‘நேர்மையற்ற வணிக நடைமுறை’ இரண்டும் இருக்கின்றன. 39-வது பிரிவு, இழப்பீட்டோடு தண்டனை இழப்பீடும் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. மனுவில் இதைக் கேட்காமல் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். கேளுங்கள்.

“எங்களை ஏமாற்றிவிட்டார்கள்” என்று எழுதினால் அது நிரூபணமாகாது. நடத்தையைக் காட்டுங்கள். கொடுத்த ஆவணத்தையே மூன்றாவது முறையும் கேட்ட மின்னஞ்சல். முதலில் தாமதம் என்று சொல்லி, அதற்குப் பதில் வந்ததும் லைசென்ஸ் என்று மாறிய காரணம். முதல் சர்வேயர் உங்களுக்குச் சாதகமாக எழுதியதும் இன்னொருவரை அனுப்பியது. சாதகமான அறிக்கை கிடைக்கும்வரை சர்வேயரை மாற்றிக்கொண்டே போகக் கூடாது, இரண்டாமவரை நியமிக்கக் காரணம் சொல்ல வேண்டும் என்று ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் (2009) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படி 1-இல் எழுதிய தேதித் தாளை இங்கே இணைப்பாகச் சேருங்கள். நியமனத்துக்கு 24 மணி நேரம் என்ற இடத்தில் ஒன்பது நாள், முடிவுக்கு 7 நாள் என்ற இடத்தில் மூன்று மாதம் என்று அருகருகே எழுதினால் ஆணையத் தலைவருக்கு விளக்கமே தேவைப்படாது.

படி 7: ஆணையத்தில்

எந்த நிலை ஆணையத்துக்குப் போவது என்பது நீங்கள் செலுத்திய பிரீமியத்தை வைத்தே முடிவாகும் என்பதால் கார் க்ளெய்ம்கள் மாவட்ட ஆணையத்திலேயே வரும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் தாக்கல் செய்யலாம். இணையவழித் தாக்கலுக்கு இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் புலனாய்வாளர் அறிக்கை எதிராக இருந்தால் வைத்துக்கொள்வது நல்லது. அவரிடம் எழுத்து மூலம் குறுக்குக் கேள்வி கேட்பது பழகியவர் செய்ய வேண்டிய வேலை. செல்போன் படங்களையும் மின்னஞ்சல் அச்சுகளையும் தாக்கல் செய்யும்போது மின்னணு ஆதாரங்களுக்கான பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழை இணைக்க மறக்காதீர்கள்.

நிறுவனம் 30 நாளில் பதிலுரை தர வேண்டும், ஆணையம் மேலும் 15 நாள் கொடுக்கலாம். 45 நாள் தாண்டினால் பதிலுரையை ஏற்கக் கூடாது என்று எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். அந்தப் பதிலுரையில் நிராகரிப்புக் கடிதத்தில் இல்லாத புதுக் காரணம் முளைத்திருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள், பெரும்பாலும் முளைத்திருக்கும். கலாடா பவர் தீர்ப்பை எடுத்து வைக்க வேண்டிய இடம் அதுதான். தீர்ப்புக்கு மூன்று மாதம் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட நீளும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நீண்ட வழக்கு வேண்டாம் என்பவர்களுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் இன்னொரு வழி. இன்சூரன்ஸ் சேவை அதன் வரம்புக்குள் வரும்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் நிறுவனம் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் வர முடியும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் நிறைவேற்று மனு போடுங்கள். 72-வது பிரிவின்படி உத்தரவை மதிக்காதவர்களுக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த மனுவில் நிறுவனத்தின் பெயரோடு கிளை மேலாளரையும் பதவிப் பெயரால் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.